எங்கள் மைனா எந்த நாடு

எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தே இருபத்தெட்டு வருடம் சாப்பிட்டவன் நான். கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோர்க்கும் வேலை. கல்யாணக் காட், தேர்த்திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அச்சுப்பிழையைக் கண்டால் இன்னும் சட்டென்று வரும். ஒரு ‘ண’ ‘ன’ ஆகிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. “பொண்டாட்டி காணாமப் போனாக்கூட தேட மாட்டீங்க, ஒரு கொம்பு காணாமப் போனா ஊரையே எழுப்புவீங்க” என்பாள் என் மனைவி. நான் பிடித்த பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் என்னைத் திருப்பிப் பிடித்தது. அது ஒரு பறவைப் புத்தகத்தில் இருந்த பிழை.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு மைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைனா என்றதும் பஸ் நிலையத்தில் வடைத்துண்டுக்கு அடித்துக்கொள்ளும் பழுப்பு மைனாவை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது மலை மைனா. உடம்பு முழுக்க எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும் கறுப்பு. அலகு செம்மஞ்சள். பின்கழுத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் தோல் மடல் தொங்கும், தோடு போட்ட மாதிரி. சிறகை விரித்தால் மட்டும் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். அவனுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ‘இவன்’ என்றால் வீட்டில் அவன்தான். மனைவி என்னை ‘அவரு’ என்பாள், அது தூரத்து மரியாதை.

இவன் என் மனைவியின் அண்ணன் வளர்த்த பறவை. அவர்களுடைய தோட்டம் ஹுன்னஸ்கிரியப் பக்கம். அண்ணனுக்கு அங்கே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் வேலை. ஒரு பெருங்காற்றில் தோட்டத்து எல்லையில் நின்ற காட்டு மரம் சாய்ந்து, அதன் பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் கிடந்திருக்கின்றன. ஒன்று செத்திருந்தது. மற்றதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பப்பாசிப் பழமும் அவித்த முட்டையும் ஊட்டி வளர்த்தார். தாய் தகப்பன் இல்லாமல், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறையில் அண்ணன், தங்கச்சி, மைனா என்று மூன்று பேர் குடும்பம்.

அண்ணன் வேலை முடிந்து வரும்போது லயத்துக்கு மேலே ரோட்டு வளைவிலேயே ஒரு விசில் அடிப்பாராம். முதலில் தாழ்வாக ஒன்று, பிறகு ஏறி ஒன்று. அதைக் கேட்டதும் இவள் அடுப்பில் கேத்தலை வைக்க வேண்டும். வாசலுக்கு வந்ததும், “தங்கச்சி, தேத்தண்ணி!” என்பார். இவள் உள்ளேயிருந்து “வர்றேண்ணே” என்பாள். தினமும் இதே மூன்று வசனம். மைனா முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டான். விசில், பிறகு “தங்கச்சி, தேத்தண்ணி!” அண்ணனின் கரகரப்பு, கடைசியில் குரல் கொஞ்சம் இழுபடுவது எல்லாமே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆளே நிற்கிற மாதிரி இருக்கும்.

பிறகு பிரஜாவுரிமை விசாரணைக் காலம் வந்தது. நீ இந்தியாவா, இலங்கையா என்று தோட்டங்களில் எல்லாரையும் கேட்டார்கள். அண்ணன் லயத்தோடு லயமாக இந்தியாவுக்கு மனுப்போட்டிருந்தார். இவள் என்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். கண்டியில் கடைச்சிப்பந்தியாக இருந்த என் தகப்பனுக்கு ஏற்கெனவே இங்கே பிரஜாவுரிமைப் பதிவு இருந்தது. இவளும் இங்கேயே மனுப்போட்டாள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, மற்றவளுக்கு இலங்கைச் சான்றிதழ். இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்த முடியுமா என்று நான் அப்போது கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

அந்தச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் இவள் எத்தனை அரசாங்கக் கந்தோர் வரிசைகளில் நின்றாள் என்று எனக்குத்தான் தெரியும். வந்ததும் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் பூட்டினாள். அதற்குப் பிறகு கையில் பைலோடு களிசான் போட்ட யார் வந்து சிங்களத்தில் என்ன கேட்டாலும் அவளுடைய கை அந்தச் சாவிக்குப் போய்விடும். ஒருமுறை நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவரிடமும் எடுத்துக் காட்டியிருக்கிறாள். அந்த மனிதர் என்ன செய்வார், நல்லது என்று தலையாட்டிவிட்டு மருந்தடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் போன அன்று கண்டி ஸ்டேசனில் நின்றோம். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பல். மேடை முழுக்க ட்ரங்குப் பெட்டியும் பாயும் அழுகையுமாக இருந்தது. அவர் ஒரு கையில் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே துவாய் போட்டு மூடியிருந்தது. “பாஸ்போட்டு எனக்குத்தான் குடுத்தாங்க, இவனுக்குக் குடுக்கல. நீயே வச்சுக்க தங்கச்சி” என்று சிரித்தார். கோச்சி நகர்ந்தபோது அவர் சன்னலில் விசில் அடிக்கப் பார்த்தார். உதடு குவிந்தது, காற்றுத்தான் வந்தது. துவாய்க்குள்ளிருந்து மைனா அந்த விசிலை முடித்து வைத்தான். ஸ்டேசனில் அழாமல் நின்றவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஹந்தானை மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் வாடகை வீடு. பின்பக்கம் ஒரு பலா மரம், அதற்கு மேலே சரிவில் தேயிலை, அதற்கும் மேலே காடு. பின்வாசல் கூரை இறப்பில் கூண்டு தொங்கியது. ஐந்து வருடம் அங்கே தொங்கியது. காலையிலும் நான் வேலையால் வரும் நேரத்திலும் விசில் வரும், “தங்கச்சி, தேத்தண்ணி!” வரும். இவள் என்ன வேலையில் இருந்தாலும் “வர்றேண்ணே” என்பாள். தான் சொல்கிறேன் என்றே தெரியாமல் சொல்வாள். அந்தத் தேத்தண்ணி எனக்குத்தான் வரும், அதனால் எனக்கு இவனோடு எந்தப் பகையும் இல்லை. ஆனால் என் இருமலையும் இவன் பழகிவிட்டான். நான் வீட்டில் இல்லாத நேரத்திலும் நான் இருமிக்கொண்டே இருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் என் நெஞ்சுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுபதுகளின் கடைசியில்தான் அந்தப் பறவைப் புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. எழுதியவர் பேராதனைப் பக்கத்தில் இருந்த, ஓய்வுபெற்ற சிங்கள விஞ்ஞான ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்காக மூன்று மொழியிலும் போட விரும்பினார். தமிழ்ப் பகுதி என்னிடம் வந்தது. எழுத்துக் கோர்க்கிறவனுக்கு ஒரு குணம் உண்டு: எழுத்தைத்தான் பார்ப்பான், விஷயத்தைப் பார்க்க மாட்டான். புலுனியும் கொண்டைக்குருவியும் என் விரல் வழியே பறந்துபோயின, ஒன்றும் மனதில் தங்கவில்லை.

மலை மைனாப் பக்கம் வந்தது. பக்கத்தின் மேலே, மையால் வரைந்த இரண்டு தலைகள். கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முதல் புரூஃபை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, வலப்பக்கத்துத் தலை என்னைப் பார்த்தது. பின்கழுத்தில் மட்டும் மடல், அலகின் அடியில் கறுப்பு, வெளிறிய கண். நம் வீட்டு ஆள்! அவனுக்குக் கீழே ‘தென்னிந்தியாவிலும் உண்டு’ என்று நானே கோர்த்திருந்தேன். இடப்பக்கத்துக்காரனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு மடல், பின்கழுத்தில் ஒரு மடல் என்று பிரிந்திருந்தது. அவனுக்குக் கீழே ‘இலங்கைக்கே உரியது’.

அப்போதுதான் முதல்முறையாக விஷயத்தை வாசித்தேன். மலை மைனாவில் இந்த நாட்டில் இரண்டு இனம். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒன்று தென்னிந்திய மலைகளிலும் இருக்கிறது, இங்கே தாழ்நிலக் காடுகளிலும் இருக்கிறது. அதற்கு மடல் இரண்டு இடத்தில். மற்றது இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஈரமான பெருங்காடும் பொந்து விழுந்த வயதான மரமும் அதற்கு வேண்டும். அதற்கு மடல் பின்கழுத்தில் மட்டும். முதலாவது பல இடங்களில் பரவியிருப்பதால் அதைப் பற்றிப் பெரிய பயமில்லை. இரண்டாவது குறைந்துகொண்டு வருகிறது. வசனங்கள் சரியாகத்தான் இருந்தன. படங்களுக்கு அச்சு பிளாக் செய்தவர் எண்களை மாற்றிப் பொறித்ததில் படங்கள் இடம் மாறியிருந்தன.

அந்த ஆசிரியர் புரூஃப் பார்க்க வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், “சேர், படம் ரெண்டும் மாறியிருக்கு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குத் தமிழ் நிதானமாக வரும். “நான் மூன்று தரம் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். பிழை பிடித்த சந்தோசத்தில் என் வாய் தானாகத் திறந்தது. “வீட்டில ஒன்னு இருக்கே சேர், தினம் பாக்கிறதுதானே!” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். இந்தப் பறவைகளைக் கூண்டில் வைக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது என்று அதே பக்கத்தின் கடைசி வரியில் நான்தான் கோர்த்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. “ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். வீட்டில் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. “ஞாயித்துக்கிழமை ஒரு சேர் வருவாரு” என்று மட்டும் சொன்னேன். என்ன சேர், எதற்கு என்று இவள் கேட்டபோது அச்சக விஷயம் என்று சமாளித்தேன்.

ஞாயிறு காலை அவர் வந்தார். களிசான், கழுத்தில் தூரநோக்கி, கையில் பைல். அந்தப் பைலை நான் அப்போதே வாங்கி வைத்திருக்க வேண்டும். நேரே பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இவள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்து நின்றாள். அவர் அவளுக்குத் தலையசைத்துவிட்டு, கூண்டைப் பார்த்தார். வெளிச்சம் எதிரே இருந்ததால் மடல் தெரியவில்லை போலும். அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்துக்கொண்டே, பாதி தனக்குள், சிங்களத்தில் கேட்டார்.

“மே லங்காவே எக்கத, இந்தியாவே எக்கத?”

இது இலங்கையுடையதா, இந்தியாவுடையதா? ஆளைக் கேட்கிற சொல் அல்ல அது, சாமானைக் கேட்கிற சொல். ஆனால் கந்தோர் வரிசைகளில் இவளை அந்தச் சொல்லாலும் கேட்டிருக்கிறார்கள். இவள் சடாரென்று உள்ளே போனாள். தேத்தண்ணி ஊற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு விளங்கித் தடுக்கப் போவதற்குள் இவள் பிஸ்கட் டின்னோடு வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உறையிலிருந்து சான்றிதழை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

“லங்காவே மாத்தயா. மென்ன சஹதிகய. எல்லாம் சரியா இருக்கு, பாருங்க” என்றாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். சிரிக்கவில்லை. இது என்ன என்றும் கேட்கவில்லை. தலைப்பிலிருந்து கையெழுத்து வரைக்கும் முழுக்க வாசித்தார். பிறகு பழைய மடிப்புகளிலேயே மடித்து, உறைக்குள் போட்டு, டின்னுக்குள் வைத்து மூடிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தமிழில் சொன்னார், “அம்மா, நான் கேட்டது குருவியை. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“ஐயோ, குருவியையா!” இவள் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் போனதும் அவள் தோள் குலுங்குவது சிரிப்பில் இல்லை என்று தெரிந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த மனிதர் மேல் பட முடியாது, அவர் அவளை விடச் சின்னவராகிப்போய் நின்றார். அந்த நேரம் பார்த்து இவன் விசில் அடித்தான். “தங்கச்சி, தேத்தண்ணி!” என்றான். “வர்றேண்ணே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இவள் குசினிக்குப் போனாள்.

ஆசிரியர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அது யாருடைய குரல் என்று சொன்னேன். கப்பலையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்து வெகுநேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு இவளிடமே பேசினார். “இது இலங்கையுடையதுதான் அம்மா. வேறே எங்கேயும் இல்லாதது.”

“பாத்தியா, மனுப்போடாமலே இவனுக்குக் கெடைச்சிருச்சு” என்றேன் நான். இவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“கூண்டில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு பொந்திலிருந்து எடுத்ததுதான்” என்றார் அவர். “கூண்டுக்குள் இது குஞ்சு பொரிக்காது. காடும் குறைந்துவிட்டது, பொந்துள்ள மரமும் குறைந்துவிட்டது. காட்டைப் பொறுத்தவரை இது செத்த பறவை மாதிரி.”

“எங்கண்ணன் கொரல்ல பேசுறவன செத்ததுன்னு சொல்லாதீங்க ஐயா.” இவள் குரல் உயரவில்லை, ஆனால் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கும் அடங்கவில்லை. “காட்டை வெட்டித் தேயிலை போட்டது எங்க ஆளுங்க கைதான் சேர், ஆனா வெட்டச் சொன்னது நாங்க இல்ல” என்றேன். “அதுவும் எனக்குத் தெரியும்” என்றார். அப்படி ஒத்துக்கொள்கிறவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

இவள் கொஞ்சம் இறங்கி வந்து பேரம் பேசிப் பார்த்தாள். “இவன் அந்த மத்த சாதியா இருந்தா வச்சுக்கலாமா? அதுதான் அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்குங்கிறீங்களே. இங்க கொறைஞ்சா அங்கருந்து வரும்தானே?”

“சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதோடு, வராது அம்மா. இது கடல் தாண்டாது” என்றார்.

அவர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். விடு என்றும் சொல்லவில்லை. விடுவதாக இருந்தால் தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், கையால் சாப்பிட்டது பட்டினியில் செத்துப்போகும், கூண்டைத் திறந்து வைத்துப் பழத்தை வெளியே வையுங்கள், மேலே காட்டில் இதன் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூப்பிட்டால் மெல்ல மெல்லப் போகும் என்று மட்டும் சொன்னார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். காட்டில் இவை மனிதர் பேச்சைப் பேசாதாம். பக்கத்து மரத்துப் பறவையின் விசிலைத்தான் பழகுமாம். பேச்சு கொஞ்ச நாளில் மறந்துபோகும் என்றார். நேர்மையான மனிதர், அதையும் மறைக்கவில்லை.

மூன்று நாள் இவள் என்னோடு பேசவில்லை. வீட்டில் பேசியவன் இவன் ஒருவன்தான். நாலாம் நாள், “ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு போடணும்” என்றாள். சமாதானம் என்று விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சான்றிதழ் கதையை மட்டும் எழுத விடவில்லை.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அண்ணன் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். வழக்கம்போல் குளிர், சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது:

‘இங்கயும் நம்மாளு மாதிரியே ஒன்னு இருக்கு தங்கச்சி. மொதல்ல பாத்துட்டு விசில் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. கிட்டப் போய்ப் பாத்தா கண்ணுக்குக் கீழ ஒரு மடல் கூடுதலா இருக்கு. நம்மாளு இல்ல. அங்க எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னு கூப்பிடுறாங்க. கூண்டத் தொறந்துவிடு தங்கச்சி. நம்ம வீட்டுல ஒருத்தனாச்சும் பொறந்த காட்டுல இருக்கட்டும்.’

கடைசி வரி வரைக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். இவள் கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டித் தானே ஒருமுறை வாசித்தாள். அடுத்த நாள் காலையில் கூண்டின் கதவைத் திறந்து கம்பியால் கட்டி வைத்தாள்.

இவன் போனானா என்று கேட்டால், எங்கே போனான்! முதல் நாள் கதவைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தான். இரண்டாம் நாள் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டான். பப்பாசித் துண்டைப் பலா மரத்துக் கிளையில் வைத்தோம். பறப்பதென்றால் என்ன என்று தெரியாதவன் மாதிரி தத்தித் தத்திப் போய்த் தின்றுவிட்டு, பொழுது படுவதற்குள் ஓடி வந்து கூண்டுக்குள் நுழைந்துகொண்டான். “சோம்பேறி, ஒங்கள மாதிரியே” என்றாள். அவளுக்குச் சந்தோசம். எனக்கும்தான்.

இரண்டு மூன்று கிழமை போனது. ஒரு நாள் மேலே காட்டிலிருந்து நீளமாக, காதைத் துளைக்கிற மாதிரி ஒரு விசில் வந்தது. பலா மரத்தில் இருந்தவன் தலையைச் சரித்துக் கேட்டான். திரும்ப வந்தது. இவன் அண்ணனுடைய விசிலை அடித்தான், அவனுக்குத் தெரிந்தது அதுதானே. காடு மறுபடி கூப்பிட்டது. இவன் சிறகை விரித்தான். அந்த வெள்ளைப் பட்டையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். தேயிலைக்கு மேலாகப் போய் மரங்களுக்குள் மறைந்தான். அன்று பொழுதுபட வந்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கு அடுத்த நாள் வரவில்லை.

அந்தக் கிழமைதான் புத்தகம் அச்சாகி முடிந்தது. படங்கள் சரியான இடத்தில் இருந்தன. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவள் மைனாப் பக்கத்தைத் தேடி எடுத்து, படத்தையும் அதன் கீழிருந்த ‘இலங்கைக்கே உரியது’ என்ற வரியையும் கத்தரிக்கோலால் வெட்டினாள். புதுப் புத்தகத்தை வெட்டுகிறாளே என்று எனக்குப் பதறியது. அலுமாரியைத் திறந்து, பிஸ்கட் டின்னை எடுத்து, சான்றிதழ் இருந்த அதே உறைக்குள் அதையும் வைத்தாள்.

“அவனுக்கும் ஒரு கடுதாசி இருக்கட்டும். நாளைக்கு எவனாச்சும் கேப்பான்” என்றாள்.

விசில் இல்லாத வீடு பழக நாளாயிற்று. வேலை முடிந்து வரும் எனக்கு நானே தேத்தண்ணி கேட்க வேண்டியிருந்தது. நான் கேட்டால் “வர்றேண்ணே” வராது, “இருங்க” என்றுதான் வரும். திறந்த கூண்டு இறப்பில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றட்டுமா என்று ஒருமுறை கேட்டேன், இவள் பப்பாசி வெட்டப் போய்விட்டாள். தினமும் ஒரு துண்டுப் பப்பாசி கிளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அணில் கொழுத்தது. நானே ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் அந்த விசிலை அடித்துப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது, ஸ்டேசனில் அண்ணனுக்கு வந்த மாதிரி.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. ஒரு லீவு நாள் காலை, இவள் குசினியில் இருந்தாள், நான் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே காட்டு விளிம்பிலிருந்து வந்தது, தாழ்வாக ஒன்று, ஏறி ஒன்று.

“வர்றேண்ணே” என்றாள் உள்ளேயிருந்து. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்திருக்கிறது. கையில் தேயிலைக் கரண்டியோடு ஓடி வந்தாள். இருவரும் ‘தங்கச்சி’ வருமா என்று காத்திருந்தோம். வரவில்லை. ஆசிரியர் சொன்ன மாதிரி பேச்சு போய்விட்டது. இவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

அப்போது சரிவின் மறுபக்கத்திலிருந்து, வேறொரு மரத்திலிருந்து, அதே விசில் வந்தது. தாழ்வாக ஒன்று, ஏறி ஒன்று. ஏறுகிற இடத்தில் கொஞ்சம் பிசகியது, புதிதாகப் பழகுகிறவன் அடிக்கிற மாதிரி. முதலாவது திருத்தமாக இன்னொரு முறை அடித்துக் காட்டியது. மற்றது திரும்ப அடித்தது, இந்த முறை சரியாக இருந்தது. லயத்தையும் ரோட்டு வளைவையும் கண்டிராத காட்டுப் பறவை ஒன்று, கவ்வாத்து வெட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதனின் விசிலை அடித்தது. பிழை பிடிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இவள் கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டாள். கரண்டியோடு குசினிக்குத் திரும்பிப் போனாள். கேத்தலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“இனி ரெண்டு பேருக்கு ஊத்தணும்ண்ணே” என்றாள்.